இடது பக்கம், புல்

படிவத்தில் பதினான்காவது கட்டம்: காரணம்.
இரண்டு விரற்கடை இடம் விட்டிருக்கிறார்கள்.

காற்று என்று எழுதினேன்.
ஜோயல் சார் படித்தார்.
என்னைவிட ஒன்பது வயது இளையவர்,
சார் என்றால் காது சிவந்துவிடும்.
"காற்று எல்லோருக்கும்தானே அடித்தது" என்றார்.
அந்த வார்த்தையை அடித்துவிட்டேன்.

ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.
ஓசூருக்குத் தெற்கே, மேற்கு பார்த்த ஓடுபாதை.
காற்றுப்பை விறைத்து நின்றது,
வாய் தளிப் பக்கம், வால் பாகலூர்ப் பக்கம்.
பன்னிரண்டு நாட், இடையிடையே பதினெட்டு.
ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்.
பறக்கட்டும்.
அது எப்படி இறங்கும் என்று
ஒருவரும் சொன்னதில்லை.

தனியாகப் பறப்பது அன்று நான்காம் முறை.
வலது இருக்கையில்
யாரையும் கட்டாமல்
பெல்ட் மட்டும் பூட்டிக் கிடந்தது.

நண்டாகத்தான் வந்தேன்.
மூக்கு காற்றுக்கு, உடம்பு பாதைக்கு.
பார்க்கிற பக்கம் போகாமல்
போகிற பக்கம் பார்க்காமல்.
பதினோரு வருடம் கிருஷ்ணகிரியில்
நகைக்கடன் கவுன்டரில் உட்கார்ந்தவளுக்கு
இந்த நடை புதிதில்லை.

கீழே ரோஜாக் கூடாரங்களின் பிளாஸ்டிக்
உப்பி உப்பி அடங்கியது.
தைலமர வரிசை முடியும்வரை காற்று ஒளிந்திருந்தது.
போன மாதம் மரம் வெட்டிய இடைவெளியில்
தாழ்ப்பாள் போடாத கதவுபோல வந்து
தோளில் இடித்தது.
இடது இறக்கையைத் தாழ்த்தினேன்.
வலது பெடலை மிதித்தேன்.
மூக்கு நேரானது.
வெள்ளைக்கோடு என் இரண்டு கண்ணுக்கும் நடுவில்.
இடது சக்கரம் கீச்சென்று தொட்டது,
பிறகு வலது.
அவ்வளவுதான், என்று நினைத்தேன்.

எத்தனை நேரம் நினைத்தேன்?
ஒன்றரை நொடி இருக்கும்.
கைகள் தாமாகத் தளர்ந்தன,
ஊர் வந்ததும் பஸ்ஸில்
சீட்டுக்கடியில் பையைத் தேடுகிற கைகள்.

முன்சக்கரம் தரையைக் கடித்தபோது
வலது பெடல் இன்னும் என் காலடியில்.
வலப்புறம் வெட்டி இழுத்தது.
பதறி இடதை மிதித்தேன்,
தேவைக்கு மேல்.
இதற்காகவே கூட ஓடிவந்ததுபோல
காற்று வாலை அந்தப் பக்கம் தள்ளியது,
விட்ட இடது இறக்கையை மேலே தூக்கியது.
தொட்டியைக் கண்ட மாடுபோல
விமானம் காற்றைப் பார்த்துத் திரும்பியது.
மூக்கணாங்கயிறு என் கையில்தான் இருந்தது,
கை என்னிடம் இல்லை.

ஓரவிளக்கு ஒன்று நொறுங்கியது.
பிறகு புல்.
பிறகு ஒரு கரையான் புற்று.
பிறகு நான் ஒருக்களித்து நின்றிருந்தேன்.
மிக்ஸ்சரை இழுத்தேன், சாவியைத் திருப்பினேன்.
இப்போது கைகள் சொன்ன பேச்சைக் கேட்டன.

வேலிக்கு வெளியே ராகிக்குக் களையெடுத்தவர்
நிமிர்ந்து பார்த்தார்.
"பிரேக் லேதா?"
உந்தி, என்றேன்.
உண்மைதான், இருந்தது.

மெக்கானிக் சவுடப்பா கறுப்புத் தடத்தை
டேப் வைத்து அளந்தார்.
ஒரு டயர், ஒரு விளக்கு, முன்சக்கர மூடி.
புரொபெல்லர் தப்பித்தது என்று
அதைத் தடவிக்கொடுத்தார்.
எனக்கு யாரோ டீ கொண்டுவந்தார்கள்.
சர்க்கரை இல்லாத டீ.

பதினான்காவது கட்டத்தில் மறுபடி எழுதினேன்:
இறங்கிவிட்டதாக நினைத்தேன்.
ஜோயல் சார் பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.
வியாழக்கிழமை காற்று இருக்கும், வாருங்கள் என்றார்.

ஸ்கூட்டரில் மத்திகிரிச் சாலையில் திரும்பினேன்.
வீட்டு வாசலில் நிறுத்தி,
ஸ்டாண்டு போட்டு,
சாவியைப் பையில் போட்ட பிறகும்
ஒரு கை ஹேண்டிலை
இடது பக்கம் திருப்பிப்
பிடித்துக்கொண்டே நின்றது.
பக்கத்து வீட்டு நாகேந்திரன்
வண்டியில் என்ன ரிப்பேர் என்றான்.